காந்திபுரத்தில் மூன்றாவது கை

பீரோ வசுமதிக்கு, கட்டில் சிவப்பிரகாசத்துக்கு, கிரைண்டர் வசுமதிக்கு, ஸ்கூட்டர் சிவப்பிரகாசத்துக்கு என்று எல்லாவற்றையும் சண்டையே இல்லாமல் பிரித்துக்கொண்டார்கள். ஒரு குடித்தனத்தைப் பிரிக்க இவ்வளவு கம்மி நேரம் ஆனதில் சமரச மையத்து அம்மாளுக்கே கொஞ்சம் ஏமாற்றம். டீ சொல்லியிருந்தார். அது வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மிச்சம் இருந்தது காந்திபுரம் பஸ் ஸ்டாண்ட் ஒன்றுதான்.

நிஜ பஸ் ஸ்டாண்ட் இல்லை. அதை எங்களுக்குக் கொடு என்று கேட்கிற அளவுக்கு இருவருக்கும் இன்னும் புத்தி கெட்டுப்போகவில்லை. இது வடவள்ளியில் அவர்கள் வீட்டு மாடி அறையில், மேஜைகளை ஒட்டிப் போட்டு அதன்மேல் பிளாஸ்டிக் கட்டைகளால் கட்டியது. மேலே குமிழ் வைத்த குட்டிக் கட்டைகளைக் குழந்தைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அழுத்திப் பொருத்தி விளையாடுமே, அதேதான். நடைமேடை உண்டு, டவுன் பஸ் உண்டு, டீக்கடை உண்டு, பூக்காரம்மா உண்டு, டிக்கெட் கிழிக்கிற கண்டக்டர் உண்டு. கூரை மட்டும் பாதியில் நின்றிருந்தது. அதை வசுமதியும் விடமாட்டேன் என்றாள், சிவப்பிரகாசமும் விடமாட்டேன் என்றார்.

பிள்ளை இல்லாத ஏக்கத்தில் பொம்மை வைத்து விளையாடுகிறார்கள் என்று சொந்தத்தில் ஒரு பேச்சு உண்டு. ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. ஏக்கமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. கட்டை வீட்டுக்குள் வந்ததே வசுமதியின் அப்பாவால்தான். அவருக்குக் கை நடுக்கம். விரலுக்குப் பயிற்சியாக இருக்கட்டும் என்று டாக்டர் ஒரு டப்பா கட்டை வாங்கச் சொன்னார். அப்பா ஒவ்வொரு கட்டையையும் மூன்று தடவை அழுத்திப் பார்ப்பார், நாலாவது தடவை வீசி எறிவார். எறிந்ததைப் பொறுக்கப் போன மகளும் மருமகனும் தரையிலேயே உட்கார்ந்து கட்ட ஆரம்பித்தவர்கள்தான், அப்புறம் எழுந்திருக்கவேயில்லை.

ஞாயிற்றுக்கிழமையானால் இருவரும் உக்கடத்துப் பழைய சாமான் கடைகளுக்குப் போவார்கள். மூட்டையில் கிடக்கும் கட்டைகளை எடைபோட்டு வாங்கி வருவார்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் ஷாம்பு விட்டு ஊறவைத்து, பல் தேய்க்கிற பிரஷ்ஷால் இடுக்கெல்லாம் தேய்ப்பது வசுமதியின் வேலை. மஞ்சள் பூத்துப்போன வெள்ளைக் கட்டைகளுக்குப் பியூட்டி பார்லரில் முடிக்குத் தடவும் கிரீமைப் பூசி, மொட்டை மாடியில் வெயிலில் காயவைத்தால் புதுசு மாதிரி வெளுத்துவிடும். பக்கத்திலேயே வடகமும் காயும். ஒரு தடவை வசுமதியின் அண்ணன் நாச்சிமுத்து, வடகம் என்று நினைத்து ஒரு கட்டையை எடுத்துக் கடித்துவிட்டார். பல் பதிந்த அந்தக் கட்டையைச் சிவப்பிரகாசம் தூக்கிப்போட மனசில்லாமல் டிக்கெட் கவுன்ட்டர் சுவரில் வைத்துக் கட்டிவிட்டார்.

கட்டுகிற முறையும் ஒன்று இருந்தது. வசுமதி அடித்தட்டை இரண்டு கையாலும் அசையாமல் பிடித்துக்கொள்வாள், சிவப்பிரகாசம் மேலிருந்து அழுத்துவார். அலுத்துப்போனால் மாற்றிக்கொள்வார்கள். எதைக் கட்டினாலும் உள்ளே வெளியில் தெரியாத இடத்தில் ஒரே ஒரு கறுப்புக் கட்டையை வைப்பார்கள். திருஷ்டிப் பொட்டு. அது அவர்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்த சமாச்சாரம்.

இப்படி இருந்தவர்கள் எப்படிப் பிரிந்தார்கள் என்றால், ஒரு வேட்டி துண்டால்.

போன தை மாதம் நாச்சிமுத்து பொள்ளாச்சியில் புதுவீடு கட்டிக் குடிபோனார். சபையில் அத்தனை பேர் பார்க்க, சிவப்பிரகாசம் மச்சானுக்கு வேட்டி துண்டை நீட்டினார். இடது கையால். வலது கை பேன்ட் பாக்கெட்டுக்குள் இருந்தது.

"மாப்ள, சோத்துக்கை எங்க போச்சுங்?" என்றார் நாச்சிமுத்து.

"பாக்கெட்ல இருக்கு மச்சான்" என்றார் சிவப்பிரகாசம்.

நாலு பேர் சிரித்தார்கள். நாச்சிமுத்து சிரிக்கவில்லை. வசுமதிக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. வீட்டுக்கு வந்து, "எங்கண்ணனுக்குப் பீச்சாங்கையில குடுத்தீங்களே, அவரு என்ன பிச்சையா கேட்டாரு?" என்று கேட்டாள். "துணி துணிதான வசு, எந்தக் கையில குடுத்தா என்ன" என்று அவர் டி.வி.யைப் போட்டார். அதற்கப்புறம் மனுஷன் அவளோடு உட்கார்ந்து சாப்பிடுவதையே விட்டுவிட்டார். கேட்டால் கம்பெனியிலேயே சாப்பிட்டாச்சு என்பார். கையை எப்போது பார்த்தாலும் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு பெரிய துரை மாதிரி நடந்தார். கடைசியில் ஒரு நாள், "சேர்ந்து கட்டறது எனக்குச் சரிப்பட்டு வரல வசு. நீ காலையில கட்டு, நான் சாயங்காலம் கட்டிக்கறேன்" என்றார். வேட்டி துண்டையாவது அவள் பொறுத்திருப்பாள். இதை அவளால் பொறுக்க முடியவில்லை. பெட்டியைக் கட்டிக்கொண்டு பொள்ளாச்சிக்குப் போய்விட்டாள்.

சரி, பஸ் ஸ்டாண்டுக்கு வருவோம். கைத்தடச் சட்டம் வந்தபிறகு இந்த மாதிரி வழக்குக்கெல்லாம் ஒரே வழிதான். எந்தக் கை செய்ததோ அந்தக் கைக்கே பங்கு. எந்தப் பிளாஸ்டிக்கை எந்தக் கை அழுத்தியது என்று சொல்ல மெஷின் வந்துவிட்டது. வந்த புதிதில் ஊரே கலகலத்துப் போனது. கிரைண்டர் மூடியைப் படித்து, எந்த மருமகள் மாவாட்டினாள், எந்த மருமகள் ஆட்டியதாகச் சொன்னாள் என்று மாமியார்கள் கண்டுபிடித்தார்கள். பள்ளிக்கூடக் கண்காட்சியில் பரிசு வாங்கிய ராக்கெட்டைப் படித்ததில் பரிசைத் திருப்பி வாங்கி அந்தப் பையனுடைய அப்பாவுக்குக் கொடுக்க வேண்டியதாயிற்று. பொய் சொல்வது குறைந்தது, குடும்பமும் கொஞ்சம் குறைந்தது.

சமரச மையத்திலிருந்து மெஷினோடு வந்தவர் பெர்னதெத். முன்னே ஸ்கேன் சென்டரில் இருந்தவராம். எதைப் பார்த்தாலும் முகத்தில் ஒன்றும் தெரியாது. மெஷின், முடி காயவைக்கிற டிரையர் மாதிரி இருந்தது. வசுமதி பொள்ளாச்சியிலிருந்து அண்ணனோடு வந்திருந்தாள். சிவப்பிரகாசம் ஜன்னலோரம் நின்றார், கை பாக்கெட்டில்.

"முதல்ல ரெண்டு பேரும் ஆளுக்குச் சில கட்டைகளை அழுத்திக் காட்டணும்" என்றார் பெர்னதெத். "கையெழுத்து மாதிரிதாங்க. ஒருத்தர் மூலையை முதல்ல அழுத்துவாங்க, ஒருத்தர் நடுவுல அழுத்துவாங்க. மரம், இரும்பெல்லாம் கொஞ்ச நாள்ல மறந்துடும். பிளாஸ்டிக் மறக்காது."

வசுமதி மடமடவென்று அழுத்திக் காட்டினாள். சிவப்பிரகாசம் அலமாரியிலிருந்து ஒரு பழைய லாரியை இடது கையால் எடுத்து வைத்தார். "இது நான் ஒண்டியா கட்டுனது. இதுல பார்த்துக்கோங்க."

"அதுவும் செல்லும்" என்றார் பெர்னதெத்.

திரையில் பஸ் ஸ்டாண்ட் தெரிந்தது. வசுமதி அழுத்தியதெல்லாம் நீலம், சிவப்பிரகாசம் அழுத்தியதெல்லாம் பச்சை. அடித்தளத்திலிருந்து நடைமேடை வரைக்கும் நீலமும் பச்சையும் புடவைக் கட்டம் மாதிரி ஓடிக்கொண்டிருந்தன. வசுமதி அதைத் தொட்டுப் பார்க்கக் கை நீட்டப் போனாள். அண்ணன் இருக்கிறாரே என்று அடக்கிக்கொண்டாள்.

"இங்க ஒரு பல் இருக்குங்க" என்றார் பெர்னதெத்.

"அது எங்கண்ணனுது."

"பல்லுக்குப் பங்கு கிடையாது" என்றார் பெர்னதெத். நாச்சிமுத்து தலையாட்டி ஏற்றுக்கொண்டார்.

டிரையர் மேலே நகர்ந்தது. கூரைக்கும் டீக்கடைக்கும் வந்தபோது திரையில் ஆரஞ்சு தெரிந்தது. ஒரு கட்டை, இரண்டு கட்டை என்று ஆரம்பித்து, பாதிக் கூரையும் டீக்கடை முழுசும் ஆரஞ்சு.

"மூணாவது ஒரு ஆள் கட்டியிருக்காங்க" என்றார் பெர்னதெத். "பச்சை எங்க நின்னு போகுதோ அங்கிருந்து இவங்க ஆரம்பிக்கிறாங்க. இடது கைக்காரங்க. அழுத்தம் கம்மி. ஒரு கட்டைக்கு ரெண்டு மூணு தடவை அழுத்தறாங்க. பொம்பளையா இருக்கலாம், வயசானவங்களா இருக்கலாம், பழக்கமில்லாதவங்களாவும் இருக்கலாம். அது மெஷினுக்குத் தெரியாது."

வசுமதி மனசுக்குள் ஒவ்வொன்றாகக் கூட்டிப் பார்த்தாள். சேர்ந்து சாப்பிடாதது, சேர்ந்து கட்டாதது, நீ காலையில், நான் சாயங்காலம். எல்லாவற்றுக்கும் இப்போது ஓர் அர்த்தம் கிடைத்துவிட்டது.

"யாருங்க அவ?"

சிவப்பிரகாசம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "தெரிஞ்சவங்கதான்."

"என்ற இடத்துல உக்காத்தி வெச்சு, என்ற டீக்கடையக் கட்டச் சொன்னீங்களா?"

"வேற வழி தெரியல வசு."

"மாப்ள!" என்று நாச்சிமுத்து எழுந்தார். அதற்கு மேல் என்ன சொல்வது என்று அவர் யோசித்து வைத்திருக்கவில்லை. மறுபடி உட்கார்ந்தார்.

"குடும்பச் சண்டை என் வேலையில்லைங்க" என்றார் பெர்னதெத், ஒயரைச் சுற்றிக்கொண்டே. "ஆனா சட்டப்படி அந்த மூணாவது ஆளுக்கும் பங்கு உண்டு. அடுத்த வாரம் கூட்டிட்டு வாங்க, அழுத்திக் காட்டட்டும். ஆள் வரலைன்னா பாகம் பிரிக்க முடியாது. பாகம் பிரியலைன்னா விவாகரத்தும் இல்ல. அதுவரைக்கும் ரெண்டு பேரும் புருஷன் பொஞ்சாதிதான், வேற வழியில்ல. கட்டையை யாரும் தொடக்கூடாது."

பெர்னதெத் போனார். நாச்சிமுத்து காரை எடுக்கப் போனார். சிவப்பிரகாசம் கீழே இறங்கி சமையலறைக்குள் போய்விட்டார். வசுமதி கதவைச் சாத்தினாள். தொடக்கூடாது என்று சொன்னதைத்தான் முதலில் செய்தாள். டீக்கடையை அடியோடு பிடுங்கிக் கையில் எடுத்தாள். எவளோ ஒருத்தி கட்டிய டீக்கடை எதற்கு நம் பஸ் ஸ்டாண்டில் என்று உடைத்துப் போடத்தான் எடுத்தாள்.

கூரையைக் கழற்றினாள். சுவரைக் கழற்றினாள். பாய்லருக்கு அடியில், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாத இடத்தில், ஒரு கறுப்புக் கட்டை இருந்தது.

முதலில் கோபம்தான் இரண்டு மடங்காக ஏறியது. திருஷ்டிப் பொட்டைக்கூட அவளுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டாரா! அப்புறம்தான் கட்டையைத் திருப்பிப் பார்த்தாள். மூட்டை மூட்டையாகக் கட்டை கழுவியவளுக்குப் பூதக்கண்ணாடி வேண்டியதில்லை. குமிழைச் சுற்றி மெல்லிய கீறல்கள். குறி தவறி, வழுக்கி, மறுபடி வைத்து, மறுபடி வழுக்கிய கீறல்கள். ஒவ்வொரு கட்டையிலும் மூன்று.

இந்தக் கீறலை அவள் பார்த்திருக்கிறாள். அப்பாவின் டப்பாவிலிருந்த கட்டை முழுக்க இதுதான்.

பாக்கெட்டுக்குள் இருந்த கை. வேட்டி துண்டு. தன் கண் முன்னால் சோற்றில் கை வைக்காத மனுஷன். ஒரு வருஷமாக முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறார், தன் கண்ணிலும் அது படாமலே போயிருக்கிறது என்று நினைத்தபோது அவளுக்கு வெட்கமாக இருந்தது. கீழே அண்ணன் ஹார்ன் அடித்தார். அவள் கறுப்புக் கட்டையை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள்.

சிவப்பிரகாசம் டம்ளரை இடது கையில் வைத்துக் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். அவர் முன்னால் கட்டையை வைத்தாள்.

"அந்தக் கையை வெளிய எடுங்க."

"பாக்கெட்லயே இருக்கட்டும் வசு."

"எடுங்கன்னு சொல்றேன்ல."

எடுத்தார். மேஜைமேல் வைத்தார். விரல்கள் தாமாகவே ஏதோ தாளம் போட்டன. மேஜையிலிருந்த கரண்டி கிணுகிணுவென்றது. அவர் கரண்டியை நகர்த்தி வைத்தார்.

"எப்ப இருந்து?"

"தைக்கு முன்னாடியே. டாக்டர் பார்த்துச் சொல்லிட்டாரு. மாமாவுக்கு வந்ததேதான்."

"மூணாவது ஆளுன்னு அந்தம்மா சொன்னப்ப வாயைத் திறந்து சொல்றதுக்கு என்ன? பொம்பளை சகவாசம்னு நான் நினைச்சாலும் பரவால்லைன்னு நின்னீங்களே!"

"அதுதான் சுளுவா இருந்துச்சு" என்றார் சிவப்பிரகாசம். "அப்படி நினைச்சா நீ திட்டிட்டுப் போயிருவ. நடுக்கம்னு தெரிஞ்சா போகமாட்ட."

"போனா உங்களுக்கு என்ன லாபம்?"

அவர் காப்பியைக் கீழே வைத்தார். "மாமாவோட காரியம் முடிஞ்ச அன்னிக்கு இதே மேஜையில உக்காந்து என்ன சொன்ன? இனி ஒருத்தருக்கு ஊட்டிவிட எனக்குத் தெம்பு இல்லைங்க, சாமி சத்தியமா இல்லைன்னு சொன்ன. சொல்லி அழுத. நான்தான் பக்கத்துல இருந்தேன். அது எனக்கு மறக்கல."

வசுமதி சொன்னது வாஸ்தவம். சும்மா வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை, உடம்பு முழுக்க அதுதான் அன்றைக்கு இருந்தது. இன்றைக்கும் அது போய்விடவில்லை. அவளுக்கு அழுகையும் வந்தது, அந்த டம்ளரைத் தூக்கி அவர் தலையில் போடவேண்டும் போலவும் வந்தது.

"என்னைக் கேக்காம எனக்கு விடுதலை குடுக்க நீங்க யாருங்க?" என்றாள். "எங்கண்ணன் மூஞ்சியில முழிக்க முடியாம, ஒரு வருஷமா மாப்பிள்ளைக்குத் திமிருன்னு ஊரெல்லாம் பேசி, நானும் சேர்ந்து பேசி... கல்லுளிமங்கன் மாதிரி உக்காந்திருந்தீங்களே!"

"தப்புத்தான்."

"தெம்பு இல்லைன்னு சொன்னது நெசந்தான். இப்பவும் இல்ல. எனக்குப் பயமா இருக்கு. அடுத்த வருஷம் நான் இங்க இருப்பனான்னு எனக்கே தெரியாது. பொய்யா ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

"சொல்ல வேண்டாம். பாகம் பிரிச்சுட்டுப் போயிரு வசு. நான் பாத்துக்குவேன்."

"எப்படிப் பாத்துக்குவீங்க? நடுங்கற கை தட்டைப் பிடிக்க, பீச்சாங்கை அழுத்த, ஒரு டீக்கடை கட்டறதுக்குக் கட்டைக்கு மூணு தடவை வழுக்கியிருக்கு. கூரை பாதியில நிக்குது. கார்த்திகை மழைக்கு அந்தப் பூக்காரம்மா என்ன பண்ணுவா?"

மாடி அறைக்குள் கார்த்திகை மழை பெய்யாது என்று சிவப்பிரகாசம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இருபது வருஷத்தில் அந்த அளவுக்குக் கற்றுக்கொண்டிருந்தார். அவள் முன்னால் நடக்க, பின்னாலேயே மாடி ஏறினார்.

முதலில் டீக்கடையைத் திரும்பக் கட்டினார்கள். வசுமதி வழக்கம்போல அடித்தட்டைப் பிடித்துக்கொண்டாள். சரிப்படவில்லை. அவருடைய வலது கை கட்டையைக் குமிழுக்கு நேராகக் கொண்டுவரும், கடைசி நொடியில் தப்பிப்போகும். இரண்டு தடவை பார்த்தாள். மூன்றாவது தடவை அடித்தட்டை விட்டுவிட்டு அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். தன் கட்டை விரலை அவர் விரல்மேல் வைத்து அழுத்தினாள். டக்கென்று உட்கார்ந்தது. பாய்லருக்கு அடியில் கறுப்புக் கட்டையும் அப்படித்தான் போய் உட்கார்ந்தது. அப்புறம் கூரைக்கு வந்தார்கள். தெருவில் நாச்சிமுத்து ஹார்ன் அடித்து அடித்து ஓய்ந்து, காரை அணைத்துவிட்டு மேலே ஏறி வந்தார். வாசலில் நின்று இருவரையும் பார்த்தார், நடுங்குகிற கையைப் பார்த்தார். அப்பாவின் கையைப் பார்த்தவர்தானே அவரும். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, கட்டைக் குவியலில் சாம்பல் நிறத்தைப் பொறுக்கிக் கொடுக்க ஆரம்பித்தார். பாதி நேரம் வெள்ளையைப் பொறுக்கிக் கொடுத்தார்.

அடுத்த வாரம் பெர்னதெத் மெஷினோடு வந்தார். கூரை முழுசாக நின்றது.

"தொடக்கூடாதுன்னு சொல்லியிருந்தேன்."

"மழை வருமேன்னு பார்த்தோமுங்க" என்றாள் வசுமதி.

பெர்னதெத் ஜன்னல் வழியே வெயிலைப் பார்த்தார். "மூணாவது ஆள் வந்தாச்சா?"

சிவப்பிரகாசம் இடது கையால் ஒரு கட்டையை அழுத்திக் காட்டினார். திரையில் ஆரஞ்சு விழுந்தது. பெர்னதெத் திரையைப் பார்த்தார், அவருடைய வலது கையைப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் டிரையரை ஒரு நிமிஷம் அணைத்து வைத்தார்.

"அப்ப மூணாவது ஆள் கிடையாது" என்று எழுதிக்கொண்டார். "இனிப் பிரிச்சுடலாம்."

மறுபடி மெஷினை ஓட்டினார். நீலம், பச்சை, பல், ஆரஞ்சு எல்லாம் வரிசையாக வந்தன. டீக்கடையிலும் கூரையின் மறு பாதியிலும் மெஷின் நின்று யோசித்தது. அப்புறம் திரையில் ஊதா நிறம் பரவியது.

"இது யாருங்க புதுசா?" என்றார் பெர்னதெத். "ரெண்டு பக்கமிருந்தும் அழுத்தம் இருக்கு. ஒரு பக்கம் நடுங்குது, ஒரு பக்கம் நடுங்கல. அவரான்னு கேட்டாலும் ஆமாங்குது, நீங்களான்னு கேட்டாலும் ஆமாங்குது. பிரிச்சுக் காட்டச் சொன்னா மாட்டேங்குது." அவர் டிரையரைத் தட்டிப் பார்த்தார். "நாலாவது ஆள்னுதான் எழுதணும். அவங்களையும் கூட்டிட்டு வரணும். வந்தாத்தான் பாகம்."

"அவங்க இப்பத்தான் வந்திருக்காங்க" என்றாள் வசுமதி. "எத்தனை நாள் இருப்பாங்கன்னு சொல்ல முடியாது."

"அதுவரைக்கும் வழக்கு இழுத்துட்டே போகும்."

"போகட்டுங்க."

சிவப்பிரகாசம் கீழே போய் டீ கொண்டுவந்தார். ஒவ்வொரு டம்ளராகத்தான் கொண்டுவர முடிந்தது, அதனால் நேரமாயிற்று. முதல் டம்ளரைப் பெர்னதெத்துக்குக் கொடுத்தார். அடுத்ததை, இடது கையால், மச்சானிடம் நீட்டினார். நாச்சிமுத்து வலது கையை நீட்டப் போனவர், பாதியில் நிறுத்தி அதைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு, தன் பீச்சாங்கையை நீட்டி வாங்கிக்கொண்டார்.